அட்டையில் படித்த கொம்பியூட்டர்

2007ஆம் ஆண்டு. மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேலே ஏற இன்னொரு பஸ், அதற்கப்புறம் ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே ஒன்றரை மைல் நடை. அப்படிப் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞான டீச்சராக இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்து அந்த வருடம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் பாடசாலைக்குப் பத்துக் கணினிகளும் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும் புரொஜெக்டர் ஒன்றும் வந்து இறங்கின. தோட்டமே திரண்டு வந்தது. வேலை விட்டு வந்த அம்மாமார் கொழுந்துக் கூடையை இறக்காமலேயே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, பத்துக் கணினிகளின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். நான் வேதக்காரி என்றாலும் என் பங்குக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பூட்டிய அறைதான். அதற்கப்புறம் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை.

பாடசாலையை நடத்தும் எங்கள் அதிபர் நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. ஏதாவது ஒன்று உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அறையின் சாவி எப்போதும் அவருடைய சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் போய்க் கேட்பேன்.

"சேர், இப்பிடியே பூட்டி வச்சா பழுதாப் போயிரும் சேர்."

"தொடாத சாமான் எப்பிடி டீச்சர் பழுதாகும்?"

 பிள்ளைகள் இடைவேளையில் அந்த அறை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடி முழுக்க மூக்குத் தடம். உள்ளே பிளாஸ்டிக் உறை மூடிய பத்துக் கணினிகள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாட்களில் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை மாத்தளை டவுனில் போனும் போட்டோக் கொப்பியும் டைப்பிங்குமாக நடக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் தட்டச்சு செய்வேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணினிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீபோர்டில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று காட்டும் படம் அது. 'கே' தட்டினால் 'ம' வரும். 'எஃப்' தட்டினால் 'க' வரும். அரைப்புள்ளியைத் தட்டினால் முந்தின எழுத்தின் தலையில் குத்து விழும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று ஒரு எண்ணம் வந்தது. நானாவிடம் அதைப் போட்டோக் கொப்பி எடுத்துத் தரச் சொன்னேன். அவர் பெரிதாக்கி எடுத்துத் தந்தார். எதற்கு என்று கேட்டார். பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கப் போகிறேன் என்றேன்.

"கொம்பியூட்டர் ரூம் தொறந்துட்டாங்களா டீச்சர்?"

"இல்ல நானா. தொறக்காமலேதான் படிப்பிக்கப் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். தோட்டத்துக் கடையில் பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கிக் கிழித்தோம். ஆளுக்கொரு அட்டை. கோல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஆங்கில எழுத்து, கீழே தமிழ் எழுத்து எழுதினோம். ஒருத்தி சும்மா இருக்காமல் தீப்பெட்டியில் நூல் கட்டி அட்டையோடு சேர்த்துவிட்டாள். கேட்டால், மௌஸாம். மறுநாள் இருபத்தெட்டு அட்டைகளிலும் தீப்பெட்டி தொங்கியது. தோட்டத்தில் எத்தனை வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தேடினார்களோ தெரியாது.

அட்டையில் தட்டினால் எழுத்து எங்கே தெரியும்? பிள்ளைகள் சரியாகத் தட்டுகிறார்களா, சும்மா தட்டுகிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு முறை வைத்தேன். நான் ஒரு தமிழ்ச் சொல் சொல்வேன். அவர்கள் விரலால் தட்டிக்கொண்டே ஆங்கில எழுத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் 'மழை' என்பேன். இருபத்தெட்டுப் பேரும் 'கே, ஐ, ஓ' என்பார்கள். அரைப்புள்ளிக்கு 'குத்து' என்று பெயர் வைத்தோம். தினமும் விஞ்ஞான பாடம் முடியும்போது பத்து நிமிஷம். பக்கத்து வகுப்பு சேர் வந்து, "என்னா டீச்சர், ஏலமா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

உண்மையைச் சொல்கிறேன். அதை நான் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு ஒப்புக்குச் சமாதானம். பசிக்கிற பிள்ளைக்குச் சோறு வேகும்வரை கையில் கொடுக்கிற பிஸ்கட் மாதிரி. அவ்வளவுதான் என் கணக்கு.

இப்படி இரண்டு மூன்று மாதம் போனது. ஒரு நாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாவிக்காமல் கிடக்கும் கணினிகளைத் தேவைப்படும் வேறு பாடசாலைக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று வாரத்தில் ஒரு அதிகாரி வந்து, கணினி வைத்து நடக்கும் பாடம் ஒன்றைப் பார்ப்பார். பாடம் நடக்கிறது என்று கண்டால் கணினிகள் இருக்கும். இல்லாவிட்டால் லொறி வரும்.

அதிபர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான்.

"டீச்சர், நீங்களே ஒரு பாடம் செஞ்சிருங்க" என்றார். சாவியை மட்டும் அப்போதும் தரவில்லை. அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையில் திறக்கலாம், அதுவரை எதற்கு வீணாக என்றார்.

மூன்று சனிக்கிழமை நானாவின் கடையில் உட்கார்ந்தேன். நீர் வட்டம் பாடத்தைப் படத்தோடு செய்தோம். கடல், ஆவி, மேகம், மழை, ஆறு, மறுபடி கடல். எல்லாம் தமிழில், பெரிய பெரிய எழுத்தில். மேகம் நகர்கிற மாதிரிகூட நானா செய்து தந்தார். மேகம் முதல் தடவை நகர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டிவிட்டேன். சீடியில் பதிந்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் அது பைகளைக் கிண்டிப் பார்க்கிற காலம். சோதனைச் சாவடியில் ஒரு பெண் சிப்பாய் சீடியை எடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டாள். மழை இருக்கிறது என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, மழை ஓயாத ரத்தோட்டைக்கா மழை கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பித் தந்தது.

அந்த நாளும் வந்தது. ஒன்பது மணிக்கு அதிகாரி வருவார். ஏழு மணிக்கே அதிபர் அறையைத் திறந்தார். உறைகளை எடுத்தோம். சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்துப் போயிருந்தது. பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார் அதிபர். எல்லாரும் அட்டையும் தீப்பெட்டியுமாக வந்து நின்றார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாத்தளையிலிருந்து படித்த ஒருவர் வருகிறார். அவர் முன்னால் பிஸ்கட் பெட்டி அட்டையா?

"இதெல்லாம் எதுக்கு இன்னைக்கி? கொண்டுபோய் ஒளிச்சு வைங்க. கண்ணுல படக்கூடாது" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகம் சுருங்கியதைக் கண்டேன். ஆனால் எனக்கு அப்போது அதைக் கவனிக்க நேரமில்லை.

எட்டு மணிக்குச் சீடியைப் போட்டேன். சுவரில் நீலக் கடல் பெரிதாக வந்தது. பிள்ளைகள் 'ஆ' என்றார்கள். அந்தக் கடலுக்கு மேலே 'கடல்' என்று இருக்க வேண்டிய இடத்தில், எஃப், எல், வை, அரைப்புள்ளி என்று நான்கு ஆங்கில அடையாளங்கள் நின்றன.

அடுத்த படத்தைத் தட்டினேன். மேகம் அழகாக நகர்ந்தது. எழுத்து எல்லாம் ஆங்கிலக் குப்பை. ஒரு சொல் கூடத் தமிழில் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே குப்பை. 

அதிபரின் கைபேசியை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஓடினேன். நடந்ததை நானாவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"யா அல்லாஹ்! டீச்சர், தமிழ் பொண்ட் ஒங்கட ஸ்கூல் கொம்பியூட்டர்ல இல்ல. பாடத்தப் போட்டேன், எழுத்தப் போட மறந்துட்டேனே!"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. தமிழ் எழுத்துகளின் வடிவம் தனியாக ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். அது இருக்கிற கணினியில்தான் தமிழ் தெரியும். இல்லாத கணினி, நாம் தட்டிய ஆங்கில எழுத்தையே அப்படியே காட்டிவிடும். மூன்று சனிக்கிழமை மேகத்தை நகர்த்தத் தெரிந்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. பஸ்ஸில் கொடுத்தனுப்ப முடியுமா என்றேன். குண்டாக இருக்குமோ என்ற பயத்தில், ஆள் இல்லாத பார்சலை எந்தக் கொண்டக்டரும் அந்தக் காலத்தில் தொட மாட்டார். நானே கொண்டு வருகிறேன் என்று நானா போனை வைத்துவிட்டார். மாத்தளையிலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரம். சோதனைச் சாவடியில் வரிசை நீளமாக இருந்தால் அதற்கும் மேலே.

நான் மேட்டிலிருந்து இறங்கும்போதே அதிகாரியின் வான் வந்து நின்றிருந்தது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் எட்டரைக்கே வந்துவிட்டார்.

நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. முறைப்பாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கையில் ஒரு ஃபைல். தமிழ் கொஞ்சம்தான் விளங்கும் என்று சிங்களத்தில் சொல்லி, பின் வரிசை மர வாங்கில் போய் உட்கார்ந்தார். எனக்கு வேறு வழியில்லை. கணினியை இயக்கினேன். கடல் வந்தது. அந்த நான்கு அடையாளங்களும் வந்தன.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'ஃப்ளை' என்று வாசித்தார். இது ஆங்கிலப் பாடமா, கடல் படத்துக்கு ஏன் பறப்பது என்று எழுதியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். என்ன நடந்தது என்று நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போதே எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது. அவர் தலையாட்டிக்கொண்டே உறைகளைப் பார்த்தார், காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார், கை படாமல் பளபளக்கிற கீபோர்டுகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் உள்ளதைத்தான் நான் எழுத முடியும் என்றார். அதிபர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார். அதிகாரி ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். முதன்முதல் தீப்பெட்டி கட்டியவள் அவள்தான்.

"டீச்சர், அது கடல் டீச்சர்."

படத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இருந்த எரிச்சலில், "தெரியும், உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "படம் இல்ல டீச்சர். எழுத்து. எஃப், எல், வை, குத்து. கடல்தானே?"

 அவள் எழுந்த இடத்தில், வாங்கின் மேல், அந்த பிஸ்கட் அட்டை கிடந்தது. ஒளித்து வைக்கச் சொன்னேன் அல்லவா? அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்!

 ஓடிப்போய் அடுத்த படத்தைத் தட்டினேன். மேகம் நகர்ந்தது. கீழே ஒரு வரி ஆங்கிலக் குப்பை. "வாசிங்க!" என்று கத்தினேன். அவ்வளவுதான். சட்டைக்குள்ளிருந்தும், வாங்குக்கு அடியிலிருந்தும், உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தும் அட்டைகள் வெளியே வந்தன. விரல்கள் கட்டம் கட்டமாக ஓடின. ஒருவன் எழுத்தைச் சொல்ல, இன்னொருத்தி சொல்லைப் பிடிக்க, முதல் வரி தட்டுத் தடுமாறி வந்தது. இரண்டாவது வரி வேகமாக வந்தது. மூன்றாவது படத்தில் பாதிப் பேர் அட்டையைப் பார்க்கவே இல்லை. 'கே, ஐ, ஓ' என்று சுவரில் வந்ததும், இருபத்தெட்டுத் தொண்டையும் ஒன்றாக 'மழை!' என்று போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வகுப்புச் சேர் ஓடி வந்து வாசலில் நின்றார். இந்தத் தடவை ஏலமா என்று கேட்கவில்லை.

அதிகாரி எழுந்து வந்துவிட்டார். ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீப்பெட்டியைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார். மௌஸ் என்றதும் அதுவரை வராத சிரிப்பு வந்தது. இவர்கள் எத்தனை நாள் கணினியில் பழகினார்கள் என்றார். ஒரு நாளும் இல்லை என்று அதிபரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு முதல் கணினியின் முன்னால் உட்கார வைத்தார். அவள் பெயரைத் தட்டச் சொன்னார். அவள் விரலை வைத்து, அட்டையில் அழுத்துகிற மாதிரி நன்றாக அழுத்திப் பிடித்தாள். திரையில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கு ஓடியது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர், ஒடச்சிட்டேன்!"

அதிகாரி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "ஒடயல்ல மகள். மெதுவா. சின்னதா தட்டுங்க" என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். அவள் மெதுவாகத் தட்டினாள். ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. தன் பெயரை ஆங்கிலக் குப்பையில் முழுதாக எழுதி முடித்தாள். வகுப்பே அதை எழுத்துக்கூட்டிக் கத்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நான் முயலவுமில்லை.

கணினிகள் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் எங்கள் முன்னாலேயே எழுதினார். போகும்போது அந்தப் பிள்ளையின் அட்டையை அலுவலகத்தில் காட்டக் கொண்டு போகலாமா என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"ஏலாது மிஸ். வீட்ல நான் இதுலதானே படிக்கணும்."

கடைசியில் நான் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த அட்டையைக் கொடுத்தனுப்பினேன். அதில் மௌஸ் இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் குறைதான்.

வான் வளைவு திரும்பியதும் அதிபர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என் கையில் தரவில்லை. வாசல் நிலையில் ஒரு ஆணி அடிக்கச் சொல்லி, அதில் மாட்டினார். ஏழாம் வகுப்பில் ஆகக் குட்டையான பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் அந்த ஆணியை அடிக்கச் சொன்னவர் அவர்தான்.

பதினொரு மணிபோல நானா வந்து சேர்ந்தார். பஸ் பாதி வழியில் நின்றதால் ஒரு லொறியில் தொற்றி, மிச்சத்தை நடந்து, சேறும் சகதியுமாக வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு அரை நாள் உழைப்பை விட்டு வந்த மனிதர். மூச்சு வாங்கிக்கொண்டே சீடியை நீட்டினார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, சுவரில் இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். "நான் பதினஞ்சு வருஷமா டைப் அடிக்கிறேன். என்னாலயே இத இப்பிடி வாசிக்க ஏலாதே!" என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டார். எழுத்தைக் கணினியில் ஏற்றி, சுவரில் 'கடல்' என்று தமிழ் வந்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், காலையில் போட்ட சத்தம் அதில் இல்லை.

இப்போது நான் வேறு பாடசாலையில் இருக்கிறேன். எங்கள் வகுப்புக்கு டெப் வந்துவிட்டது, தொட்டால் தமிழ் வருகிறது, எழுத்துருவைத் தேடி யாரும் லொறியில் தொற்ற வேண்டியதில்லை. புதிதாக எது வந்து இறங்கினாலும் முதல் நாளே உறையைக் கிழித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறேன், மற்ற டீச்சர்மார் பதறினாலும் சரி. ஆனால் பிள்ளைகள் தாங்களாகச் செய்த ஏதாவது ஒன்றை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், யாராவது பெரியவர் வருகிறார் என்பதற்காக எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளை என் பேச்சை முழுசாகக் கேட்டு அட்டையைக் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தால், என் வெட்கமே அந்தப் பத்துக் கணினிகளையும் லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கும்.